நம்ம அம்மா: இணை உலகத் திகில் கதையை மதுரையில் வைத்து எழுதுவது எப்படி

ஒரே முகச்சாயலில் உலகத்தில் ஏழு பேர் இருப்பார்கள் என்று எங்கள் அப்பத்தா சொல்லும். சின்ன வயதில் பெரியார் பஸ் நிலையத்தில் நிற்கும்போதெல்லாம் என்னுடைய மீதி ஆறு பேரைக் கூட்டத்தில் தேடுவேன். கிடைத்தால் என்ன பேசுவது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். அப்போது பயமே தோன்றவில்லை. பயம் பின்னால் வந்தது, அதே அப்பத்தா மூலமாக. அதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

நான் 22 வருடமாகப் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறேன். பசுமலையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சனிக்கிழமை சாயங்காலம் கதை எழுதும் பிள்ளைகள் கூடுவார்கள். எட்டுப் பேர், சில வாரம் பத்துப் பேர், எல்லாரும் 14 முதல் 17 வயது. கொஞ்ச காலமாக இவர்களில் நிறையப் பேர் ஒரே வகைக் கதையைத்தான் கொண்டுவருகிறார்கள்: இன்னொரு உலகம், அதில் இன்னொரு நான், அந்த இன்னொரு நான் இங்கே வந்துவிடுகிறது. எனக்கு இந்த வகை ரொம்பப் பிடிக்கும். ஆனால் பெரும்பாலான கதைகள் ஒரே இடத்தில் உடைகின்றன. வந்தவள் கெட்டவளாக இருக்கிறாள். கண் சிவந்திருக்கிறது, கையில் கத்தி இருக்கிறது, கடைசியில் கிணற்றில் விழுந்து சாகிறாள். அவள் கெட்டவள் என்றால் அவள் நான் இல்லை. யாரோ ஒருத்தி என் முகத்தை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறாள், அவ்வளவுதான். உண்மையான பயம் வேறு இடத்தில் இருக்கிறது. வந்தவள் நானேதான். என் இடத்தில் அவள் உட்கார்ந்தாலும் வீட்டில் யாருக்கும் எதுவும் குறையவில்லை.

இதைக் கதையாக்குவது எப்படி என்று மாடியில் சொல்வதையே இங்கே எழுதுகிறேன். சொல்லிக்கொண்டே ஒரு கதையையும் கட்டிக்கொண்டு போகிறேன். நாயகி பேர் பாண்டிமீனா, வயது 15, வீடு ஒத்தக்கடையில், வாசலில் நின்றால் யானைமலை தெரியும். அவளுக்கு ஒரு தம்பி, பத்து வயது.

பிரியும் இடம்

இரண்டு உலகமும் எப்போது பிரிந்தன? இதை முடிவு செய்யாமல் முதல் வரியைத் தொடாதீர்கள்.

ஒரு பையன் அருமையாக ஆரம்பித்தான். கண்ணகி எரிக்காத மதுரை. பாண்டியன் சிலம்பை முன்னாலேயே உடைத்துப் பார்த்துவிட்டான், கோவலன் பிழைத்தான், ஊர் தப்பித்தது. அந்த மதுரையிலிருந்து ஒரு பையன் இங்கே வருகிறான், நாயகனை உரித்து வைத்த மாதிரி. நான் கேட்டேன்: "ஏப்பா, அவ்வளவு காலத்துக்கு முன்னாடி பிரிஞ்ச உலகத்துல உங்க தாத்தாவும் பாட்டியும் பிறந்திருப்பாங்களா?" ஒரு தலைமுறையில் ஒரே ஒரு கல்யாணம் தவறினால் போதும், அதற்குக் கீழே இருக்கும் எல்லாப் பேரும் அழிந்துவிடும். ஆகவே இரட்டை வேண்டுமென்றால், நாயகி கருவில் உருவான பிறகுதான் உலகம் பிரிய வேண்டும். வரலாற்றை மாற்றிப் பார்ப்பதும் நல்ல வகைதான். மாசியில் நடந்துவந்த மீனாட்சி கல்யாணத்தைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார் என்பார்கள். அவர் மாற்றாமல் விட்ட மதுரையைப் பற்றி ஒரு நாவலே எழுதலாம். ஆனால் அந்த மதுரையில் நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

இதே கணக்கை முன்னோக்கியும் போட வேண்டும். நாலு வருடத்துக்கு முன்னால்தான் பிரிந்தது என்றால், அங்கேயும் கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வீதிகள் இதே வரிசையில்தான் இருக்கும். ஆயிரங்கால் மண்டபத்தில் தூண் 985தான். வானம் சிவப்பாக இருக்காது, ஆட்டோ பறக்காது. ஒரு வீட்டுக்குள்ளும், அந்த வீட்டோடு பழகிய ஏழெட்டுப் பேர் வாழ்க்கையிலும் மட்டும்தான் மாற்றம். பிள்ளைகளுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். எனக்கு இதுதான் பெரிய வசதியாகப் படுகிறது. ஊர் முழுக்க அப்படியே இருக்க, ஒரே ஒரு வீட்டுச் சுவரில் மாலை போட்ட படம் ஒன்று கூடுதலாகத் தொங்கினால் அதை எந்தச் சிவப்பு வானத்தாலும் ஈடுகட்ட முடியாது.

இதிலிருந்து இன்னொன்றும் கிடைக்கிறது. கைரேகை நாம் கருவில் இருக்கும்போதே படிந்துவிடுகிறது. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையருக்குக்கூட ரேகை வேறு வேறுதான். ஆனால் பிறந்த பிறகு பிரிந்த உலகத்துக்காரிக்கு ரேகை அதேதான். ரேஷன் கடை மிஷின் அவள் விரலுக்கும் சம்மதிக்கும். பள்ளிக்கூட டி.சி.யில் அங்க அடையாளம் என்று எழுதும் இரண்டு மச்சமும் அவள் உடம்பில் அதே இடத்தில் இருக்கும். ஆதாரம் கேட்டு யாரிடமும் போக முடியாது. நாலு வருடத்துக்குள் விழுந்த தழும்பு ஒன்றுதான் வேறுபடும்.

எது பிரித்தது

இட்லியா தோசையா என்று நான் முடிவு செய்த நொடியில் உலகம் இரண்டானது என்று எழுதுகிறார்கள். இந்த இணை உலக யோசனைக்கு அடித்தளம் போட்ட அமெரிக்க இயற்பியலாளர் ஹியூ எவரெட் சொன்னது அது இல்லை. 1957-இல் வெளிவந்த பிரின்ஸ்டன் ஆய்வேட்டில் அவர் சொன்னது இதுதான்: அணு உலகின் நடப்பைச் சொல்லும் குவாண்டம் சமன்பாடு காட்டும் சாத்தியங்களில் ஒன்று மட்டும் நிஜமாகி மற்றவை அழிந்துபோவதில்லை. எல்லாமே நடக்கின்றன, ஒன்றை ஒன்று பார்க்க முடியாத கிளைகளில். கிளை பிரிவது அணுவின் அளவில். இந்த அணு இப்போது சிதைந்ததா, சிதையவில்லையா என்பது மாதிரி. நம் மனசு மாறுவதும் அப்படிப்பட்ட நிகழ்ச்சிதான் என்று யாரும் நிரூபிக்கவில்லை. அதனால் அணு அளவில் நடந்த ஒன்றிலிருந்து வீட்டில் நடந்த ஒன்றுக்கு நீங்கள் ஒரு பாலம் போட வேண்டும்.

நான் போடும் பாலம் விண்கதிர். விண்வெளியிலிருந்து வரும் துகள்கள் காற்று மண்டலத்தில் மோதி, மழை மாதிரி வேறு துகள்களைப் பொழிகின்றன. உள்ளங்கையை விரித்து நீட்டுங்கள். ஏறக்குறைய நொடிக்கு ஒரு மியூவான், அந்தத் துகள்களில் ஒரு வகை, அதைத் துளைத்துக்கொண்டு போகிறது. தேனி மாவட்டத்தில் திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகத்துக்கு முன்மாதிரியாக, 85 டன் எடையுள்ள கருவி ஒன்று இந்த மியூவான்களை எண்ணுகிறது. அது இருப்பது மதுரையில்தான், என் மாணவர்கள் பலருக்கு இது தெரியாது. அதே பொழிவில் நியூட்ரான்களும் வருகின்றன. அவற்றில் ஒன்று போனில் இருக்கும் சிப்பில் பட்டு ஒரு பிட்டைப் புரட்டிவிடலாம், 0 இருந்த இடத்தில் 1. அபூர்வம்தான், ஆனால் நிஜமாகவே நடக்கிறது. பெரிய கணினிகளின் நினைவகத்தில் இந்தப் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்துவதற்கென்றே தனி ஏற்பாடு வைக்கிறார்கள்.

சரி, கதைக்கு வருவோம். மீனாவுக்கு 11 வயது, தம்பிக்கு ஆறு. மேலூர்ப் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் காதுகுத்து. பெரியவர்கள் பந்தியில் இருக்கிறார்கள், "தம்பியப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளைகள் கைவிட்ட கிரானைட் குவாரிப் பக்கம் போய்விட்டார்கள். மீனா அம்மாவின் போனில் வீடியோ பார்த்துக்கொண்டு நிற்கிறாள். போன் திடீரென்று நின்றுபோகிறது. எரிச்சலோடு நிமிர்கிறாள். தம்பி விளிம்பில் வழுக்குகிறான். பாய்ந்து சட்டையைப் பிடித்துவிடுகிறாள்.

இன்னொரு உலகத்தில் போன் நிற்கவில்லை.

மீனா நல்லவள் என்பதால் தம்பி பிழைக்கவில்லை. போன் நின்றதால் பிழைத்தான். தம்பியைக் காப்பாற்றிய பிள்ளை என்று நாலு வருடமாகச் சொந்தபந்தம் எல்லாம் அவளைக் கொஞ்சுகிறது, அவளுக்கு மட்டும் உண்மை தெரியும். இன்னொருத்தியிடம் நாலு வருடமாக வீட்டில் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் இருப்பது ஒரு நியூட்ரான். பிரிவை இப்படி நாயகியின் குணத்துக்கு வெளியே வையுங்கள். அங்கே அவள் சோம்பேறி, இங்கே சுறுசுறுப்பு என்று வைத்தால் படிக்கிற பிள்ளை நிம்மதியாக மூச்சு விட்டுவிடும். நான் அப்படி இல்லை என்று நினைத்துக்கொள்ளும். அந்த நிம்மதியைக் கொடுக்காதீர்கள்.

எழுதப் போகிற பிள்ளைகளுக்கு இங்கே ஒரு வார்த்தை. குவாரியைப் பார்க்க வேண்டும் என்று தனியாகப் போய்விடாதீர்கள். வெட்டிய பாறை சுவர் மாதிரி நேராக இறங்கும், ஏறிவரப் பிடிமானம் இருக்காது, பச்சைத் தண்ணீரின் ஆழம் மேலிருந்து தெரியாது. பெரியவர்களோடு போய்த் தள்ளி நின்று பாருங்கள், எழுதுவதற்கு அது போதும்.

ஒரே ஒரு பொய்

எவரெட்டின் கிளைகள் ஒன்றோடு ஒன்று பேசாது. அப்புறம் எப்படிக் கதை? அறிவியல் புனைகதையில் ஒரு பொய் சொல்ல அனுமதி உண்டு. அதை எந்த இடத்தில் சொல்கிறோம் என்பதுதான் முக்கியம். 1989-இல் இயற்பியலாளர் ஸ்டீவன் வைன்பெர்க் குவாண்டம் சமன்பாட்டில் நேரியல் அல்லாத, அதாவது சாத்தியங்களை வெறுமனே கூட்ட விடாத, ஒரு சின்ன உறுப்பைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று கேட்டார். 1991-இல் இன்னொரு இயற்பியலாளர் ஜோசப் போல்சின்ஸ்கி அதற்கு ஒரு விபரீதமான விளைவைக் காட்டினார். அப்படி ஓர் உறுப்பு இருந்தால், ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்குச் செய்தி அனுப்ப வழி பிறந்துவிடும். அதற்கு அவரே வைத்த பெயர் எவரெட் போன். சோதனைகளில் அந்த உறுப்பின் தடயம் எதுவும் கிடைக்கவில்லை. உங்கள் பொய்யை அங்கே செருகுங்கள்: அது பூஜ்யம் இல்லை, பூஜ்யத்தைவிட ஒரு துளி அதிகம். இதைக் கதைக்குள் ஒன்றரை வரிக்கு மேல் விளக்க வேண்டாம். எழுதுகிறவருக்குத் தெரிந்திருந்தால் போதும், அந்த உறுதி வாக்கியத்தில் தெரியும்.

என் கதையில் அன்றைக்கு நின்றுபோன போன் நாலு வருடமாகப் பீரோவில், அம்மாவின் கல்யாணப் பட்டுக்கு அடியில் கிடக்கிறது. ஒரு நாள் ராத்திரி அது வெளிச்சம் போடுகிறது. அம்மாவின் பழைய நம்பரிலிருந்து, அதே போனுக்கு, ஒரு செய்தி: "தம்பி சாப்புட்டானா?"

எவரெட் போனில் செய்திதான் வரும், ஆள் வர முடியாது. ஆள் வருவது நாம் சேர்க்கும் கற்பனை. அதை விளக்கப் போனால் சிக்கிக்கொள்வீர்கள். விளக்காமல் அதற்கு ஒரு விலை வையுங்கள். நான் வைக்கும் விலை ஆள் மாற்று. அவள் இங்கே வந்தால் அந்த நேரம் மீனா அங்கே இருப்பாள். இரண்டு பேரும் ஒரு நாளும் நேருக்கு நேர் நிற்கப் போவதில்லை. திகில் கதையில் இரட்டையை எதிரே கொண்டுவந்து நிறுத்தத்தான் எல்லாருக்கும் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். எதிரே வராதவள்தான் அதிகமாகப் பயமுறுத்துவாள்.

மாற்று நடந்த முதல் தடவையை மெதுவாக எழுதுங்கள். மீனா கண் விழிக்கிறாள். அதே பாய், அதே ஜன்னல், அதே யானைமலை. சமையலறையில் அம்மா முதுகைக் காட்டி நிற்கிறாள். "அம்மா" என்கிறாள். அம்மா திரும்பவில்லை. மாவுச் சட்டிக்கு மூடியாக ஒரு எவர்சில்வர் தட்டு கவிழ்ந்திருக்கிறது. அதில் தம்பி பேர் வெட்டியிருக்கிறது. அது அவன் சாப்பிடும் தட்டு, அதை யாரும் எதற்கும் மூடியாக வைக்க மாட்டார்கள். இந்த இடத்தில் நிறுத்துங்கள். மாலை போட்ட படத்தை அடுத்த பக்கத்தில் காட்டினால் போதும், தட்டிலேயே பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும்.

அவள் திரும்பி வந்த பிறகு நடப்பதுதான் கதையின் உயிர். நோட்டில் தான் எழுதாத இரண்டு பக்க வீட்டுப்பாடம், தன் கையெழுத்திலேயே. தம்பி வந்து மடியில் சாய்கிறான், நாலு வருடத்தில் அவன் இப்படிச் சாய்ந்ததே இல்லை. "அக்கா, நேத்து மாதிரியே இரு." அம்மா தோசைக் கல்லைத் துடைத்துக்கொண்டே சொல்கிறாள்: "நேத்துத்தான்டி நீ அக்கா மாதிரி நடந்துக்கிட்ட." அதற்குப் பிறகு ஒரு வரிகூடச் சேர்க்காதீர்கள். மீனாவின் முகம் வெளுத்தது, நெஞ்சு படபடத்தது என்று எழுதினால் அம்மா சொன்னதன் பாரம் போய்விடும்.

அப்பத்தா

இப்போது சொல்கிறேன். கடைசி இரண்டு வருடம் அப்பத்தாவுக்கு நினைவு கலங்கிப்போயிருந்தது. உசிலம்பட்டி வீட்டில் அப்பாதான் பார்த்துக்கொண்டார். ஒரு நாள் மத்தியானம் அவர் சோற்றைப் பிசைந்து ஊட்டப் போனபோது, அது முகத்தைத் திருப்பிக்கொண்டு என்னிடம் சொன்னது: "இவன் எம்மவன் இல்ல. அவன மாதிரியே இருக்கான். எம்மவன எங்க வச்சிருக்கீங்க?" அன்றைக்கிலிருந்து அப்பா கையால் ஒரு வாய் வாங்கவில்லை. அப்பா என்ன செய்தார் தெரியுமா? வாசலுக்குப் போய், திண்ணையில் உட்கார்ந்து, வீட்டுக்குப் போன் போட்டார். நான் எடுத்து அப்பத்தா காதில் வைத்தேன். குரலைக் கேட்டதும் அதற்கு முகமே மாறிவிட்டது. "ஏய்யா, எப்ப வருவ? இங்கன ஒருத்தன் உன்னைய மாதிரியே வந்து ஒக்காந்துக்கிட்டுச் சோறு ஊட்டுறான்யா. பயமா இருக்கு." அப்பா சொன்னார்: "வந்துர்றேன் ஆத்தா. அவன் நல்லவன்தான். குடுக்குறத சாப்புடு." போனை வைத்துவிட்டு உள்ளே வந்து ஊட்டினார். அப்பத்தா பயந்துகொண்டே சாப்பிட்டது.

இதற்கு மருத்துவத்தில் பெயர் உண்டு என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். 1923-இல் பிரான்சில் ஜோசப் கேப்கிராஸ் என்ற மனநல மருத்துவர் இப்படி ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். தன் குடும்பத்தார் இடத்தில் அவர்களைப் போலவே இருக்கும் வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று அவர் நம்பினார். தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியலாளர் வி.எஸ். ராமச்சந்திரன், வில்லியம் ஹர்ஸ்டைனோடு சேர்ந்து 1997-இல் எழுதிய கட்டுரையில், பெற்றோரை நேரில் பார்த்தால் போலி என்று சொல்லி, போனில் பேசினால் ஏற்றுக்கொண்ட ஓர் இளைஞரைப் பற்றிச் சொல்கிறார். முகத்தை அடையாளம் காணும் வழி சரியாக இருந்தும், அந்த முகத்தோடு ஒட்டிவரும் பாசம் எழவில்லை என்றால், மூளை அதை வேறு ஆள் என்று முடிவு கட்டிவிடுகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். குரல் வேறு வழியாகப் போவதால் தப்பித்துக்கொள்கிறது.

எழுதுகிறவர்களுக்கு இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒரு புலன் ஆம் என்று சொல்லும்போது இன்னொரு புலன் இல்லை என்று சொல்லட்டும். முகம் சரியாக இருந்து மணம் வேறாக இருக்கட்டும், குரல் சரியாக இருந்து காலடிச் சத்தம் வேறாக இருக்கட்டும். எல்லாம் தப்பாக இருந்தால் அது பேய். எல்லாம் சரியாக இருந்து ஒன்று மட்டும் இடறும்போதுதான் அப்பத்தா உட்கார்ந்திருந்த இடத்தில் நாமும் உட்கார்வோம்.

இரட்டை என்பது நமக்கு வெளியிலிருந்து வந்த சரக்கு இல்லை. திருவிளையாடற் புராணத்தில் மாமனாக வந்து வழக்குரைத்த படலத்தை ஒரு தடவை இந்தக் கண்ணோடு படித்துப் பாருங்கள். தனபதி என்ற வணிகர் தங்கை மகனைத் தத்தெடுத்து, சொத்தையெல்லாம் அவனுக்கு விட்டுவிட்டுத் தவம் செய்யப் போய்விடுகிறார். தாயாதிகள் சொத்தைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். அழுத தாய்க்கும் பிள்ளைக்கும் இரங்கிச் சொக்கநாதர் தனபதியின் உருவத்திலேயே வந்து, பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுது, சபையில் வழக்காடி வென்று, மறைந்துபோகிறார். பக்திக் கதையாகத்தான் எல்லாரும் கேட்டிருப்போம். நான் அந்தப் பையனையே நினைத்துக்கொண்டிருப்பேன். அவனைக் கட்டிக்கொண்டு அழுதவர் மாமன் இல்லை, ஆனால் அந்த அன்பு பொய்யும் இல்லை. உங்கள் இரட்டைக்கு அந்த அன்பைக் கொடுங்கள்.

பரல்

இரட்டை எங்கே மாட்டிக்கொள்ள வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த பாடம் சிலப்பதிகாரம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு சிலம்பும் ஒன்று. கோப்பெருந்தேவியின் சிலம்புக்குள் முத்து, கண்ணகியின் சிலம்புக்குள் மாணிக்கம். உடைத்தால்தான் தெரியும். உடைந்த நொடியில் அரசனின் உயிரே போகிறது. ஆகவே வித்தியாசம் ஒன்றே ஒன்று போதும், அது உள்ளே இருக்க வேண்டும், அதை வெளியே எடுக்க எதையாவது உடைத்தாக வேண்டும்.

மீனா கதையில் என்ன பரல்? அங்கிருந்து வருகிறவளுக்குத் தெரிந்த தம்பிக்கு ஆறு வயதோடு எல்லாம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வளர்ந்தவனை அவளுக்குத் தெரியாது. அதனால் யாருமே கூப்பிடாமல் விட்டுப்போன செல்லப் பேரால் அவனைக் கூப்பிடுகிறாள். அவன் விட்டுவிட்ட பால்சோற்றைப் பிசைந்து கொடுக்கிறாள். அவன் சிரித்துக்கொண்டே சாப்பிடுகிறான். அம்மாவும் சிரிக்கிறாள். பரல் எல்லார் கண் முன்னாலும் தெறித்துக் கிடக்கிறது, ஒருத்தரும் குனிந்து பார்க்கவில்லை. பார்க்க வேண்டுமென்றால் மீனா குவாரியில் நடந்ததை, போன் நின்றதை, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவள் உடைக்க வேண்டிய சிலம்பு அதுதான்.

முகத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் முகத்தை நீங்கள் நேரில் பார்த்ததே இல்லை, கண்ணாடியில் இடவலம் மாறித்தான் பார்த்திருக்கிறீர்கள். 1977-இல் அமெரிக்காவில் நடத்திய ஒரு சோதனையில், பெண்களுக்குத் தங்கள் படத்தில் கண்ணாடிப் பிம்பம் மாதிரித் திருப்பி அச்சிட்டதுதான் அதிகம் பிடித்தது, அவர்களுடைய தோழிகளுக்கு நேரான படம் பிடித்தது. ஆகவே மீனா தன் இரட்டையை என்றாவது, ஒரு வீடியோவிலாவது, பார்த்தால் வகிடு தப்பான பக்கம் இருப்பதாக, முகம் லேசாகக் கோணியிருப்பதாக அவளுக்குத்தான் தோன்றும். அம்மாவுக்கு அது தினமும் பார்க்கும் மகள் முகம். தன் இரட்டையைப் பற்றிச் சாட்சி சொல்லத் தகுதியே இல்லாத ஒரே ஆள் தான்தான் என்று அவளுக்குப் புரியும் இடத்தை எழுதிப் பாருங்கள்.

நேரமும் மொழியும்

ராத்திரி, மழை, கரண்ட் கட், இவை எல்லாருக்கும் தெரிந்தவை. நம் ஊரில் உச்சி வெயிலுக்கும் ஒரு பயம் உண்டு. உச்சிப் பொழுதில் புளிய மரத்தடிக்குப் போகாதே என்றுதான் நம்மை வளர்த்தார்கள். அக்கினி நட்சத்திரத்தில் மத்தியானம் பன்னிரண்டேகால் மணிக்கு ஒத்தக்கடைத் தெருவில் நின்று பாருங்கள். கதவெல்லாம் சாத்தியிருக்கும், நாய்கூட வண்டிக்கு அடியில் படுத்திருக்கும், யானைமலை கண்ணைக் கூசவைக்கும். அந்த வெளிச்சத்தில் நிழல் காலுக்கடியில் ஒடுங்கிவிடும். மாற்று நடக்கிற நேரமாக அதை வையுங்கள். எல்லாம் பளிச்சென்று தெரிகிற நேரத்தில் ஆள் மாறியது தெரியவில்லை என்பதற்கு இருட்டைவிட வலு அதிகம்.

பேச்சை மதுரைப் பேச்சாகவே எழுதுங்கள், கதை சொல்வதை எளிய எழுத்துத் தமிழில் வையுங்கள். இரட்டையை "நகல்" என்று மட்டும் சொல்லாதீர்கள். நகல் என்றவுடன் ஒருத்தி அசல் ஆகிவிடுகிறாள், இங்கே இருவருமே அசல்.

தமிழ் இந்த வகைக் கதைக்கென்றே சில ஆயுதங்களை வைத்திருக்கிறது. வினைமுற்றிலேயே ஆள் இருப்பதால் "நான்" என்ற சொல்லை விட்டுவிடலாம். "எழுந்தேன். பல் விளக்கினேன். தம்பிக்குத் தலை சீவினேன்." யார் பேசுகிறாள்? ஒரு அத்தியாயம் முழுக்க இப்படி எழுதி, கடைசி வரியில் அந்தப் பழைய செல்லப் பேரைச் சொல்ல வையுங்கள். படிக்கிறவர்கள் முதல் பக்கத்துக்குத் திரும்பி ஓடுவார்கள்.

அதைவிடப் பெரியது நாங்களும் நாமும். கேட்கிறவரை வெளியே நிறுத்திப் பேச ஒரு சொல், உள்ளே சேர்த்துப் பேச இன்னொரு சொல். முதல் செய்திகளில் அந்த உலகத்துக்காரி எழுதட்டும்: "எங்க அம்மா என்கூடப் பேசுறதில்ல. உங்க அம்மா பேசுவாங்களா?" பத்து நாள் கழித்து: "உங்க அம்மா சிரிச்சா எங்க அம்மா முன்னாடி சிரிச்ச மாதிரியே இருக்கு." ஒரு மாதம் கழித்து, வேறு எதுவும் இல்லாமல், சாதாரணமாக: "நம்ம அம்மாவுக்கு முட்டி வலி. மாத்திரை வாங்கி வச்சுட்டேன்." மாடியில் இதைப் படித்துக் காட்டிய அன்றைக்குப் பிள்ளைகள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. ஒரே ஒரு எழுத்துகூட மிரட்டலாக இல்லை, வீடு கைமாறிவிட்டது.

படிப்பது யார் என்பதை மறக்காதீர்கள். கூடப் பிறந்ததைப் பறிகொடுத்த ஒரு பிள்ளை கட்டாயம் இதைப் படிக்கும். என் மாடியிலேயே ஒருத்தி இருக்கிறாள். "நீதான் கொன்ன" என்று அந்த உலகத்தில் யாராவது சொல்வதாக எழுதினால், அதற்குப் பதில் சொல்லவும் ஒருவரை வையுங்கள். நான் பக்கத்து வீட்டு அத்தையை வைத்திருக்கிறேன். "பதினோரு வயசுப் புள்ளைய குவாரிப் பக்கம் காவலுக்கு விட்டது பெரியவங்க தப்புடி" என்று அவர் சொல்வதை இடம் மாறிப்போன மீனா கேட்கிறாள். யாருக்குச் சொல்ல வேண்டியதோ அவள் அப்போது அங்கே இல்லை. மீனா அதைப் போனில் எழுதி அனுப்புகிறாள். ஒருத்தி செத்தால்தான் கணக்குச் சரியாகும் என்ற முடிவுக்கு மட்டும் போகாதீர்கள். எழுதச் சுலபம், ஆனால் 15 வயதில் அதைப் படிக்கிறவர்களை நினைத்து அந்த வழியை நான் முழுக்க அடைத்துவிட்டேன்.

பெரியவர்கள் வந்து காப்பாற்றவும் கூடாது, அம்மாவை முட்டாளாக்கவும் கூடாது. அம்மாவுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று ஒரே ஒரு இடத்தில் காட்டலாம், தம்பி பேர் வெட்டிய தட்டை இங்கேயும் அவள் கையில் எடுத்து ஒரு நொடி கூடுதலாகப் பார்ப்பது மாதிரி. நீளம் 40 பக்க நோட்டில் முடிகிற அளவு. எழுதியதைச் சத்தமாகப் படித்துப் பாருங்கள், தம்பி தங்கை இருந்தால் அவர்களுக்கு.

முடிவில் கதவு மூட வேண்டும், எப்படி மூடியது என்பது அவ்வளவு முக்கியம் இல்லை. என் கதையில் மீனா அம்மாவிடம் போன் நின்றதைச் சொல்லிவிடுகிறாள். அன்றைக்கு ராத்திரி பீரோவுக்குள் வெளிச்சம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. தம்பி பால்சோறு கேட்கிறான், அவளுக்கு அந்தப் பக்குவம் தெரியவில்லை, சர்க்கரை போட்டதா உப்புப் போட்டதா என்று அவனிடமே கேட்டுப் பிசைகிறாள். அவன் ஒரு வாய் வாங்கிவிட்டு, பரவாயில்லை என்கிறான். கடைசிப் பக்கத்தில் அவள் பட்டுப் புடவைக்கு அடியிலிருந்து அந்தப் பழைய போனை எடுத்து, சார்ஜ் போட்டு, தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறாள்.